சுவரைப் பார்க்கும் கதிரைகள்

1957 ஆடி மாதம் துணுக்காய் ஊரில் அருந்ததியின் இடது தாடை வீங்கியது. அன்று முதல் அவள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கே உட்காரக் கிடந்த கதிரைகள் நின்ற இடத்திலேயே அரைவட்டம் சுற்றின. அந்தப் போகம் நெல்லும் சுமாராகத்தான் விளைந்தது. தாய் இலட்சுமி அதைச் சிறுபிள்ளைகளுக்கு வரும் கூகைக்கட்டு என்றே நினைத்தாள். கூகைக்கட்டுக்குக் கழுத்தில் பொன் கிடந்தால் வற்றும் என்பது ஊர் வழக்கம். தன் இரட்டைப்பட்டுச் சங்கிலியை மகளுக்குப் போட்டுவிட்டாள். மூன்றாம் மாதம் தாடையின் கீழே துவாரம் விழுந்து சீழ் வடிந்தது. கெட்ட நீர் போகிறது என்று இலட்சுமி ஆறுதல்பட்டாள். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசும் காலம். நோய் பிடித்த வருத்தக்காரி ஒருத்தி இருப்பது வெளியே தெரியக் கூடாது. நாற்றம் தன்னிடமிருந்துதான் வருகிறது என்று அருந்ததிக்குத் தெரியும். தாவணியால் கன்னத்தை மூடிக்கொண்டு இரண்டு வருடம் அடுப்பெரியும் குசினியிலேயே இருந்தாள். அங்கே கதிரை இல்லை.

1959 ஆவணியில் மாப்பிள்ளையின் தகப்பன் மயில்வாகனம் பெண் பார்க்க வந்தார். மூத்தவள் பதற்றத்தில் தேநீருக்குச் சீனியை மறந்துவிட, சீனிப் போத்தலோடு அருந்ததி வாசல்வரை வந்தாள். கதிரை மயில்வாகனத்தோடு சேர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பியது. தேநீர் சிந்தவில்லை.

"சுவருக்கு வெள்ளை அடிச்சுக் கனகாலம் போல," என்றார் அவர். பிறகு, "பின்னுக்கு நிக்கிறது ஆர்?"

"இளையவள். கூகைக்கட்டு," என்றாள் இலட்சுமி.

"எவ்வளவு நாளாய்?"

"ரெண்டு வருஷமாய்."

"கூகைக்கட்டு ரெண்டு கிழமையில போயிடும், தங்கச்சி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

ஒளித்துவைத்த வருத்தம் தெரிந்த பிறகும் சம்பந்தம் குழம்பவில்லை. அதுதான் இலட்சுமியைக் கூனிக் குறுக வைத்தது.

வவுனியா ஆஸ்பத்திரியில் டொக்டரின் கதிரையும் திரும்பியது. அவர் எழுந்து நின்றே பார்த்தார். எக்ஸ்ரே படத்தில், சூத்தைப் பல்லின் வேரால் அழற்சி தாடை எலும்புக்குள் இறங்கி, ஒரு துண்டு செத்துக் கிடந்தது. பல்லைப் பிடுங்கி, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து, வாரக்கணக்கில் பெனிசிலின் ஊசி போட்டார்கள்.

"முதலே வந்திருந்தால் ஒரு பல்லோட போயிருக்கும்," என்றார் டொக்டர். "இனி இது விட்டு விட்டு வரும். வீங்கினால் நாள் பிந்தாமல் அண்டைக்கே வாங்கோ."

மகளின் கழுத்துச் சங்கிலியை இலட்சுமி அங்கேயே கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

ஆறு வருடத்தில் அது நான்கு முறை வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்புளித்தாள், ஊசி போட்டாள், ஒருமுறை மறுபடி சுரண்டினார்கள். கதிரைகளும் தம் பாட்டில் திரும்பின. இலட்சுமி மகளிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அருந்ததி ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வரும் நாட்களில், சந்தியில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டதும், கதிரைகளையெல்லாம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு ஒன்றில் தானும் அமர்ந்திருப்பாள். அருந்ததி உள்ளே வர, கதிரை மெல்லச் சுற்றி, தாயை மகளின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும்.