வாங்கியவர் விவரம் இல்லை

முதல் உதையில் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. இரண்டாவது உதை என் அண்ணன் பிரபாகரின் வயிற்றில் விழுந்தது.

உதைத்தவர் செங்கோடன். திருச்செங்கோட்டில் பன்னிரண்டு போர்வெல் வண்டிகள் வைத்திருப்பவர். ஒவ்வொரு வண்டியின் பக்கவாட்டிலும் அவருடைய இணையதள முகவரி பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க அவர் மறந்துவிட்டார். அப்படிக் காலாவதியாகும் பெயர்களைப் பதிவுசெய்து ஆன்லைன் சந்தையில் விற்பது என் தொழில். போன மாதம் அவருடைய பெயரும் அப்படி விற்றுப்போனது. இப்போது அந்த முகவரியைத் திறந்தால் ஆபாசப் படங்கள் வருகின்றன.

“ஆருக்கு வித்தே?”

“தெரியலீங்க. வாங்கறவங்க பேர எங்களுக்குக் காட்ட மாட்டாங்க.”

கைப்பேசியை நீட்டினேன். ‘வாங்கியவர்: விவரம் இல்லை’ என்றிருந்தது. அவர் அதைச் சுவரில் எறிந்தார்.

“மேச்சேரிச் சந்தையில ஆட்டுக்குட்டி வித்தவனுக்குக்கூட வாங்குனவன் மூஞ்சி தெரியும். படிச்சவ, உனக்குத் தெரியாதாமா?”

கூட வந்த இருவர் அண்ணனின் வலது கையை மேசைமேல் அழுத்தினார்கள். செங்கோடன் பைப் ரெஞ்சை ஓங்கி அடித்தார். சுண்டுவிரல் உடைந்த சத்தம் சிறியதாகத்தான் இருந்தது. அண்ணன் அலறினான். தெரு முழுக்க விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் வரவில்லை.

“சத்தியமாத் தெரியாதுங்கண்ணா!” என்று செங்கோடனிடம் கெஞ்சினேன்.

“என்ற பங்காளி வேலுமணிதானே? ஆமான்னு சொல்லு, உட்டர்றேன்.”

ரெஞ்ச் மறுபடி உயர்ந்தது.

“ஆமாங்க,” என்றேன். “அவருதானுங்க.”

“இதச் சொல்றதுக்கு உனக்கு ஒரு விரலு வேணுமாக்கும்,” என்று சிரித்தார். வண்டி கிளம்பியது.

வேலுமணியை நான் பார்த்ததே இல்லை. அண்ணனின் விரலைத் துணியால் சுற்றினேன். அவன் கண்ணைத் திறக்காமல், “அந்தாளக் கொன்னுருவாங்க, அகல்யா,” என்றான். எங்கள் ராசிபுரத்திலிருந்து அவர்கள் ஊரான திருச்செங்கோட்டுக்கு ஒரு மணி நேரம்.

விரிசல் விட்ட கைப்பேசி வேலை செய்தது. தேடினேன். வேலுமணியும் போர்வெல் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய தளத்தில் எண் இருந்தது. அழைத்தேன்.

“ஆருங்க பேசறது?”

பெயரைச் சொல்லாமல் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“அகல்யாங்க. ராசிபுரம். செங்கோடனோட வெப்சைட் பேர வித்தது நானுங்க. எங்கண்ணன அடிச்சாங்க, தாங்காம வாங்குனது நீங்கன்னு சொல்லிட்டேன். அவரு அங்க வாராருங்க. ஊட்ட விட்டுப் போயிருங்க.”



“நெசமா வாங்குனது ஆரு?”

“தெரியலீங்க.”

“வித்தவ நீயி. உனக்குத் தெரியாதா?” இரும்புக் கதவு ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. யாரிடமோ அரிவாளை எடுக்கச் சொன்னார். “அவன் வரட்டும், பாத்துக்கறேன். அவன முடிச்சுட்டு உன்ற ஊட்டுக்கு வாரேன். அப்பச் சொல்லு.”

இணைப்பு அறுந்தது. அண்ணன் எழுந்து நின்றான். அவனுக்கு ஒரு கை, எனக்கு இரண்டு. மேசையைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம்.