காற்று போகும் பக்கம்

இந்த வசந்தத்தில் மட்டும் எங்கள் பண்ணையிலிருந்து ஒன்பது ஆட்டுக்குட்டிகளைத் தின்ற கயோட்டி அது, ஓநாய்க்குத் தம்பி மாதிரி ஒரு காட்டு மிருகம். என் மனைவி லவெர்ன் விடியும்போதே எச்சரித்துவிட்டாள்: "யோவ், இன்னைக்கும் வெறுங்கையோட வந்தா பான்கேக் கிடையாது, பாத்துக்க."

மேட்டில் புதருக்குள் உட்கார்ந்து, அதை வரவழைக்க, அடிபட்ட முயல் கத்துவது போல ஊதலை ஊதினேன். இதில் நான் கெட்டிக்காரன். பரிதாபமாகக் கத்துவது எனக்குக் கல்யாணத்திலிருந்தே பழக்கம். குறி பார்த்துச் சுடுவது என் தம்பி ஆரினின் வேலை. உஷாரான கயோட்டி நேராக வராது. சுற்றி வளைத்து, காற்று போகும் பக்கம் நின்று மோப்பம் பிடிக்கும். அதனால் முப்பது வருடமாக ஆரின் அந்தப் பக்கத்துப் பாறையடியில் துப்பாக்கியோடு படுத்திருப்பான்.

பத்து நிமிடத்தில் அது வந்தது. சுற்றி வளைத்து, அந்தப் பாறைக்கு முன்னால் நின்று மூக்கைத் தூக்கியது. என் துப்பாக்கி மடியில்தான் கிடந்தது. நான் அசையவில்லை.

"சுடுடா, தூங்கிட்டியா கழுத" என்று முணுமுணுத்தபடி காத்திருந்தேன்.

வெடிச் சத்தம் வரவே இல்லை. கயோட்டி என் வாடையைப் பிடித்துவிட்டு ஓடிப் போனது. ஆரினைப் பிப்ரவரியில் புதைத்தோம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"தப்ப விட்டுட்டியா?" என்றாள் லவெர்ன், நான் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்ததும்.

"ஆரின் சுடல."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தட்டில் இரண்டு பான்கேக்கை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு நீ ஊது. பாறைகிட்ட நான் படுத்துக்கிறேன்."