முதலில் யாருக்கு வந்தது

சிவனம்மாளுக்கு வாய் என்றால் அப்படியொரு வாய். மருமகள் தீபாவின் கழுத்தில் படர்தாமரை வந்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "பெறந்த வீட்டுச் சீக்க இங்க கொண்டாந்துட்டாளே!" அன்றிலிருந்து தீபாவுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பிள்ளையைத் தூக்கக்கூடாது என்று சட்டம் வேறு. இன்னும் நடை பழகாத பேத்தி தமிழ்மதி, பொழுதெல்லாம் சிவனம்மாளின் இடுப்பிலேயே கிடந்தாள்.

இத்தனைக்கும் போன பனிக்காலத்திலிருந்தே சிவனம்மாளுக்குப் பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் வட்டம் வட்டமாக அரித்துக்கொண்டிருந்தது. விடிகாலையில் மல்லிகைக் காட்டில் நனைந்த சேலையோடு பூப்பறிக்கிற உடம்பு. அந்த இடத்தை யாரிடம் போய்க் காட்டுவது? மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கித் தடவினாள். தடவினால் அடங்கியது, விட்டால் முன்னைவிடப் படர்ந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. தன்னுடையது வெறும் வேர்க்குரு, மருமகளுடையதுதான் சீக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது பிள்ளைக்கும் வந்துவிட்டது. மகன் மோகன்குமார் எல்லோரையும் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தான். டாக்டரைப் பார்த்த கையோடு தீபாவை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட வேண்டும், பிள்ளை மட்டும் நம்மிடம் இருக்கட்டும் என்பது சிவனம்மாளின் உத்தரவு.

டாக்டரம்மா தீபாவின் கழுத்துத் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "பூஞ்சைதான்" என்றார். பிறகு பிள்ளையின் கவுனை உயர்த்தினார். தொடைகளின் உள்பக்கம் மட்டும் சிவந்து கிடந்தது.

"இடுப்புல ஒக்காருற இடமாப் பாத்து வந்திருக்கே. பிள்ளைய யாரு தூக்குறது?"

"என்னயத் தூக்கவே விடல டாக்டர்" என்றாள் தீபா.

"வீட்ல இது இருக்குற எல்லாரும் ஒண்ணா மருந்து எடுக்கணும். ஒருத்தர் மறைச்சாலும் திரும்பத் திரும்ப வரும். அப்புறம் பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் பரவிரும்."

சிவனம்மாளுக்கு உடம்பே கூசியது. மகன் பக்கத்தில் நிற்கிறான். திறந்த கதவுக்கு வெளியே அம்புட்டுக் கூட்டம். சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது. எழுந்து, இடுப்புச் சேலையை விலக்கினாள். கறுத்துத் தடித்த வட்டங்கள் முதுகுவரை போயிருந்தன.

மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். தீபா எழுந்து வந்து, துப்பட்டாவை விரித்து, கூட்டத்தின் கண்ணில் படாமல் மாமியாரை மறைத்து நின்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சிவனம்மாளுக்கு.

"எத்தன நாளா இருக்கு அத்தை?"

சிவனம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒனக்கு வாரதுக்கு முன்னாடியே இருக்கு தாயி. நீ எங்கயும் போகாத."