நிறுத்தும் பொத்தானின் நிறம்

நூற்று நாற்பத்து மூன்றாவது கடிதமும் அந்தப் பாழாய்ப்போன ஆரஞ்சைப் பற்றித்தான். எலெக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

விடுமுறை நாள், மத்தியானம் இரண்டரை மணி. சமையலறை மேஜையில் லேப்டாப். பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு, ஒழுகுகிற குழாயோடு மனைவி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரான் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்து பண்றீங்க. இங்க சொந்த வீட்டுத் தண்ணி தரையில ஓடுது. அந்த ஸ்பேனரையாவது எடுத்துக் குடுங்க."

"ஒரு நிமிஷம் இரு."

"உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? காலையில ஆரம்பிச்சது அது."

அவள் சொன்னதில் தப்பில்லை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகை அறுக்கும் ரம்ப மெஷின்கள் இருக்கின்றனவே, அவற்றை ஓட்ட ஒரு மென்பொருள். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா திறந்து வைத்திருப்பது. அவர்கள் பேசிக்கொள்ள ஒரு மடற்குழு. ஒருவர் போடும் கடிதம் இரண்டாயிரம் பேருக்கும் போகும். எது போகலாம், எது போகக்கூடாது என்று பார்க்கிற சம்பளமில்லாத உத்தியோகம் எலெக்ட்ரீஷியனுக்கு. ஆறு வருஷமாகப் பார்க்கிறான்.

இன்று நான்கு மணிக்குப் புதிய பதிப்பு வெளியாகப் போகிறது. இந்த நேரம் பார்த்து, திரையில் இருக்கும் நிறுத்தும் பொத்தான் சிவப்பா ஆரஞ்சா என்று பிடித்துக்கொண்டார்கள். சிவப்புக் கட்சிக்குப் பேராசிரியர் ஒருவர் தலைமை. கண் வைத்தியம் வரைக்கும் போய் ஆதாரம் திரட்டி வந்தார். ஆரஞ்சுக்காரன் பதிலுக்குப் பதினோரு பக்கம் தீட்டினான். எல்லாம் 'மதிப்பிற்குரிய நண்பரே' என்று ஆரம்பித்து 'அன்புடன்' என்று முடிந்தன. நடுவில் ஒருவன் குடலை இன்னொருவன் உருவினான். ஒன்றிலும் கெட்ட வார்த்தை கிடையாது. விதிப்படி ஒன்றையும் தடுக்க முடியாது.

புது ஆட்களின் கடிதம் மட்டும் அவன் அனுமதிக்குக் காத்திருக்கும். அந்த வரிசையில் ஒன்று கிடந்தது. 'நாசமாப் போறவனுங்களா' என்று ஆரம்பித்தது. இரண்டாம் வரிக்கு அவன் போகவில்லை. வசவு இருந்தால் திருப்பி அனுப்பு என்பது அவனே எழுதிய விதி. இருந்த எரிச்சலில் கை தானாகப் போய் 'நிராகரி'யை அழுத்தியது. 'தங்கள் மொழிநடை எங்கள் நெறிமுறைக்கு ஏற்றதாக இல்லை' என்ற தயார் கடிதம் போயிற்று. வந்த கடிதம் அழிந்தது.

ஐந்தே நிமிஷத்தில் அவனுக்கு நேராக ஒரு பதில். ஒரு போன் நம்பரும் மூன்று வரியும்.

'ஸ்டாப் அடிச்சா ரம்பம் நிக்குது. மூணு எண்றதுக்குள்ள தானா திரும்ப ஓடுது. நேத்து என் வீட்டுக்காரர் கை உள்ள இருந்துச்சு. இதை எந்த மொழிநடையில எழுதணும்?'

சோதித்துப் பார்க்க முன்கூட்டிக் கொடுத்த பதிப்பை அந்த அம்மாள் தன் பட்டறையில் போட்டிருக்கிறாள். அதேதான் நான்கு மணிக்கு எல்லாப் பட்டறைக்கும் போகிறது.

பதிப்பை வெளியிடும் பொறுப்பு தாடி என்று எல்லாரும் கூப்பிடுகிறவனுடையது. அவனுக்குப் போன் போட்டான்.

"தாடி, வெளியீட்டை நிறுத்து. ஸ்டாப் வேலை செய்யல."

"யார் சொன்னா?"

"ஒரு அம்மா எழுதியிருந்தாங்க."

"குழுவுல வரலையே?"

"நான் திருப்பி அனுப்பிட்டேன்."

"நல்லா இருக்கு போ! என்ன மெஷின், என்ன மோட்டார், என்ன செட்டிங், ஒண்ணும் தெரியாம உன் வாய்ச்சொல்லுக்கு நாலு மாச வேலையை நிறுத்தணுமா? போன தடவை எவனோ புரளி கிளப்பி ரெண்டு வாரம் போச்சு. கடிதம் குழுவுக்கு வரட்டும். வந்தா என் மெஷின்ல ஓட்டிப் பாக்கறேன்."

அடுத்து அந்த அம்மாளுக்கு.

"அக்கா, மடற்குழுவுல இருந்து பேசறேன்."

"ஓ, மொழிநடை!"

"தப்பு என்னோடதுதான். கடிதத்தை இன்னொரு தடவை போடுங்கக்கா. நாலு மணிக்குள்ள வந்தாத்தான் நிறுத்துவாங்க. அந்த முதல் வரியை மட்டும் கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்?"

"மாத்தி..."

"இங்க பாரு தம்பி. ரம்பத்துல இருந்து அவரு கையைப் பிடிச்சு இழுத்தவ நான். அப்ப வாயில என்ன வந்துச்சோ அதைத்தான் எழுதினேன். ஒரு எழுத்து குறைக்க மாட்டேன். வேணும்னா போடறேன். வேண்டாம்னா உங்க பொத்தானை நீங்களே கட்டிட்டு அழுங்க."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"அப்படியே போடுங்க. நான் விடறேன்."

கடிதம் வந்தது. இந்தத் தடவை கடைசி வரை படித்தான். வசவு நான்கு வரி. அதற்குக் கீழே மெஷினின் மாடல், மோட்டார், செட்டிங், எத்தனை தடவை செய்து பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் எத்தனை நொடியில் ஓடியது, எல்லாம் ஆணி அடித்தது போல இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒருத்தரும் பழுது சொன்னதில்லை. 'அனுமதி'யை அழுத்தினான்.

அழுத்திய கையை எடுப்பதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். இத்தகைய சொற்கள் அனுமதிக்கப்பட்டது தமக்கு ஆழ்ந்த அதிர்ச்சியளிக்கிறதாம். ஆரஞ்சுக்காரன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை வழிமொழிந்தான். காவலுக்கு இருப்பவன் பதவி விலகட்டும் என்று ஒருவன். விலக்குவதற்கு ஓட்டெடுப்பா, செயற்குழுவா என்று இன்னொருவன். அரை மணியில் ஒன்பது கடிதம். ரம்பத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

"என்ன, பெருமூச்சு பலமா இருக்கு?" என்றாள் மனைவி தொட்டிக்கடியிலிருந்து.

"சிவப்பும் ஆரஞ்சும் ஒண்ணு சேந்துட்டாங்க."

"நல்லதுதானே?"

"என்னைத் திட்டறதுக்கு."

நான்காகப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாடியின் கடிதம் வந்தது. 'ஓட்டிப் பார்த்தேன். மூன்று நொடி. உண்மைதான். வெளியீட்டை நிறுத்திவிட்டேன்.'

எலெக்ட்ரீஷியன் திரும்ப அந்த நம்பருக்கே அடித்தான்.

"நிறுத்திட்டாங்கக்கா."

"பாத்தேன். எல்லாக் கடிதமும் எனக்கும்தான் வருது. இத்தனை பேரு எழுதியிருக்கானுங்களே, அவரு கை எப்படி இருக்குன்னு ஒருத்தனாவது கேட்டானா தம்பி? எனக்குத்தான் கண்ணுல படலையோ?"

அவன் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தேடினான்.

"இல்லக்கா."

"நீயும் ரெண்டாவது தடவையா போன் பண்றே."

"எப்படி... எப்படிக்கா இருக்கு?"

"விரல் இருக்கு. ஆறு தையல். வச்சிடறேன், கட்டு மாத்தணும்."