கீழ்ப்பிடி

முதுகின் அடியில் யாரோ ஆணி அடித்து வைத்ததுபோல் வலித்தது. வண்டியின் பின்பலகையில் உட்காருவதற்குள் அவன் இரண்டு முறை பல்லைக் கடித்தான். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற வேலை. அவனும் மனைவியும் ஒரு ஜோடி.

சாப்பாட்டு நேரம். கூட்டாளிகள் அவனை 'மார்க்கு' என்பார்கள். எந்தப் படமானாலும் பத்துக்கு எத்தனை என்று அவன் சொன்ன பிறகுதான் டிக்கெட் எடுப்பார்கள்.

"என்ன மார்க்கண்ணே, நேத்து அக்காவோட அந்தப் பறக்குற பொண்ணு படத்துக்குப் போனீங்களாமே?" என்றான் டிரைவர்.

"ரெண்டு மார்க். ஒரு பொம்பள ஒத்தக் கையால பஸ்ஸத் தூக்குறாளாம். காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"பஸ்ஸ விடுங்க. எங்க வீட்டுல கேஸ் சிலிண்டர நகத்தவே என்னைத்தான் கூப்பிடுறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேறும்போது மேலே பிடிப்பவர் வழி பார்த்தால் போதும். பாரமெல்லாம் கீழே பிடிப்பவர் நெஞ்சில். தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்காக அவன் கீழே பிடித்தான். முதல் திருப்பம் தாண்டியதும் இறக்கி வைத்தார்கள். பேச்சில்லாமல் இடம் மாறினார்கள். முதுகு போனதிலிருந்து இப்படித்தான். கீழ்ப்பிடிக்கு ஆகாதவன் என்று தெரிந்தால் மேஸ்திரி அவனை அட்டைப்பெட்டி மடிக்க உட்காரவைத்துவிடுவார்.

இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார்கள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எனக்குப் படம் பிடிச்சிருந்துச்சு," என்றாள்.

"பஸ்ஸத் தூக்குனதா?"

"அட, அது கெடக்கு. முட்டிய மடக்காமத் தூக்குறா, மறுநாள் எந்திரிச்சிருக்க மாட்டா. அந்தப் போலீஸ்காரன்தான் காப்பாத்துனான்னு சனமெல்லாம் கை தட்டுதுல்ல? 'நான் இல்ல, இவதான்'னு அவளக் காட்டுறான் பாருங்க. அதுக்கே பத்தும் குடுப்பேன்."

அந்த இடத்தில் நேற்று அவள் மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்று நினைத்திருந்தான். இப்போது ஃப்ரிட்ஜைச் சுற்றிய பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

கீழே வந்ததும் டிரைவர் கை தட்டினான்.

"பறக்குற பொண்ணுக்குப் பதிலா உங்களப் போட்டிருக்கணும்ணே! அக்கா சும்மா மேல கைய வச்சுட்டே போயிருப்பாங்க. என்னக்கா?"

அவள் கழுத்தைத் துடைத்தபடி கணவனைப் பார்த்தாள்.

அவனுக்கு உண்மை வாய்வரைக்கும் வந்துவிட்டது. மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றார்.

"அவளும் கொஞ்சம் புடிச்சா," என்றான்.

காது மடல் சுட்டது. அவள் அடுத்து ஏற்றவேண்டிய கட்டிலின் மேல்பக்கத்தைப் போய்ப் பிடித்தாள், முதல் திருப்பம் வரைக்கும்.

'பாரம் தாங்குறது நான் இல்ல, இவதான்.' நாலு பேர் கேட்க இந்த ஒரு வார்த்தை, அவளுக்கு அவன் இன்னும் பாக்கி.