கிணறு வெட்டியவர்களின் நிழல்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. அருங்காட்சியகங்களுக்கு மனித உருவங்களை ஃபைபரில் செய்துகொடுக்கிற இடம். யாழ்ப்பாணத்து மதுசூதனன் அங்கே பெயின்டர். பதினொரு நாளாகக் கூலர் ஓடவில்லை. வெளியில் வேலை செய்கிறவனுக்குக் கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை சட்டப்படி மத்தியான ஓய்வு உண்டு. கூரைக்குக் கீழே நிற்கிறவனுக்கு இல்லையாம். அது கூரையா, தோசைக்கல்லா என்று யார் கேட்பது? போன வாரம் அவனோடு வேலை செய்யும் உஸைர் வெக்கை தாங்காமல் சுருண்டு விழுந்தான். இரண்டே நாளில் திரும்ப டியூட்டிக்கு இழுத்துவிட்டார்கள், பாவிகள். அவனுக்காவது மத்தியானம் ஓய்வு கொடுங்கள் என்று மதுசூதனன் கெஞ்சியதற்கு, மனுஷ உடம்பு எல்லாவற்றுக்கும் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு மேனேஜர் சேதுமாதவன் ஏசி அறைக்குள் போய்விட்டார்.

இப்போது கையில் இருந்த வேலை ஆதி அமெரிக்க மக்களின் உருவங்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை பொய்த்து ஏரி வற்றியபோது, ஏரிப்படுகையிலேயே கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவர்கள். மதுசூதனன் உயிரைக் கொடுத்துத் தீட்டியிருந்தான். முதுகில் வியர்வை, உதட்டில் வெடிப்பு, காலடிப் பலகையில் சுருங்கிக் கிடக்கும் நிழல்.

அருங்காட்சியகத்திலிருந்து பார்வையிட வந்த ஆராய்ச்சியாளர் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் அந்த நிழலைக் குனிந்து பார்த்தார். இது உச்சிப்பொழுது ஆயிற்றே என்றார். அந்த மக்கள் விவரமானவர்கள், விடியலில் தோண்டிவிட்டு வெயில் ஏறியதும் ஒதுங்கியிருப்பார்கள், அதுவும் தாங்காதபோது மேட்டுநிலத்துக்கே குடிபெயர்ந்தவர்கள் என்றார். நிழலை நீட்டி வரையச் சொன்னார்.

சேதுமாதவனுக்கு மானம் போய்விட்டது. எல்லார் முன்னாலும் மதுசூதனனைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த முட்டாள்யா உச்சி வெயில்ல வேலை செய்வான்?"

அப்போது மணி ஒன்று. மதுசூதனனுக்குக் கோபம் தலைக்கேறியது. கண்ணால் கண்டதைத்தானே வரைந்தான்? இத்தனை வருஷத்தில் எந்த மத்தியானம் எவன் ஒதுங்கி உட்கார்ந்து அவன் பார்த்திருக்கிறான்? தூரிகையை டின்னுக்குள் எறிந்தான்.

"நாங்கள்தான் சேர். உஸைர் இந்த நேரத்திலதான் விழுந்தவன்."

ஆராய்ச்சியாளர் மெல்லத் திரும்பி மேனேஜரைப் பார்த்தார். மதுசூதனன் எதற்கும் காத்திருக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து உருவம் தேய்த்துக்கொண்டிருந்த உஸைரின் கையைப் பிடித்து எழுப்பி, ஏசி அறைக் கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்தான். சேதுமாதவன் பின்னாலேயே ஓடிவந்து, நாளைக்கே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று பல்லைக் கடித்தார்.

"அனுப்புங்கோ. மூண்டு மணிக்கு வந்து வேலைய முடிச்சுத் தந்திட்டுப் போறன்."

கொட்டகையில் மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராகக் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அந்த அறைக்கு வந்தார்கள்.