மாப்பிள்ளைக்கு வைத்திருந்த செண்டு

வசந்துக்கு நாற்பத்து மூன்று வயது. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரீசியன். இந்த வருடக் கல்யாண நாளன்று காலையில் அவன் மனைவி ஷர்லி பின்னால் வந்து நின்று, சட்டைக் காலரில் புஸ்ஸென்று எதையோ அடித்தாள். வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் ஆசையாகத் தேடி வாங்கிய ஆண்கள் செண்டு.

வசந்த் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? கருகுன வயரு நாத்தத்துக்கு இது தேவலைங்க” என்று சிரித்தாள்.

அவன் சட்டையைக் கழற்றி வாளியில் முக்கினான். இரண்டு தடவை குளித்தான். வாசம் போகவில்லை. எலுமிச்சைத் தோலும் புகையிலையும் கலந்த மாதிரி ஒரு வாசம். மத்தியானம் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டும்போது, யாரோ பிடரியில் மூச்சுவிட்டது போல வந்தது. திரும்பிப் பார்த்தான். வகுப்பறையில் ஆளே இல்லை.

அந்த வாசத்துக்கு வயது இருபத்தேழு என்றால் நீங்கள் சிரிக்கக் கூடாது, கண்ணுகளா.

ஜெகதாப்பட்டினத்தில் பள்ளிக்கூடத்தில் வசந்தும் உமைரும் ஒரே பெஞ்சு. உமைரின் வாப்பா சவூதியிலிருந்து ஒரு செண்டு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். உமைரின் அக்கா ஹம்னாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த நேரம். மாப்பிள்ளை தட்டில் வைப்பதற்கென்று, உம்மா ரஹ்மத் நிஷா அதைச் சீல் உடையாமல் பீரோவில் வைத்திருந்தார்.

அந்த லீவில் வசந்தின் அப்பா அவனை மீன்பிடிக்கப் படகில் அனுப்பினார். முதல் தடவை போய், இரண்டு நாளும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஆட்கள் சிரித்த சிரிப்பு வேறு. மறுபடியும் போ என்றபோது, ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆனால் படகு டிரைவர் இருளாண்டியின் பிடிவாதம் ஒன்று தெரியும். வாசனை பூசியவனை அவர் படகில் ஏற்ற மாட்டார். மணத்தோடு போனால் கடல் ஆளைக் கேட்கும் என்பார்.

புறப்படும் நாள் விடிந்ததும் உமைரைத் தேடுவது போல அந்த வீட்டுக்குப் போனான். உம்மாவும் உமைரும் கொல்லைப் பக்கம் இருந்தார்கள். பீரோவிலேயே சாவி தொங்கியது. சீலைக் கிழித்தான். கழுத்தில், சட்டையில், தலையில் என்று கொட்டாத குறையாக அடித்துக்கொண்டு கரைக்கு ஓடினான்.

இருளாண்டி தூரத்திலேயே மூக்கைச் சுளித்தார். “டேய், பொண்ணு பாக்கவாடா போறே? எறங்குடா கீழ!”

படகில் ஓர் ஆள் குறைந்தது. அந்த நேரம் பார்த்து உமைர் வந்தான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

“உம்மா அடிச்சிருச்சுடா. செண்டை நாந்தேன் ஒடச்சேனாம். கள்ளப்பயலே, வீட்டுக்குள்ள வராதேங்குது” என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்தவன், சட்டென்று நின்றான். மூக்கை ஒரு தடவை இழுத்தான். புரிந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நல்லா மணக்குறடா மாப்ள” என்றான். “அண்ணே, இவனுக்குப் பதிலா நான் வாரேன்” என்று ஏறிக்கொண்டான்.

மறுநாள் காற்று மாறியது. அந்தப் படகு திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. வசந்த் கடலிலேயே முங்கி வாசத்தைக் கழுவிவிட்டுத்தான் படகு புறப்பட்ட அன்று வீட்டுக்குப் போயிருந்தான். ஏன் இறக்கிவிட்டார் என்று கேட்க இருளாண்டியும் இல்லை.

இப்போது, இருபத்தேழு வருடம் கழித்து, மூன்றாம் நாளும் வாசம் அவனை விடவில்லை. ஷர்லியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டாள்:

“அந்தம்மா உசுரோட இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அப்பறம் எங்கிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க? அங்கிட்டுப் போங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஜெகதாப்பட்டினம் போனான். ரஹ்மத் நிஷா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹம்னா டீ கொடுத்தாள். அவன் சொல்லி முடித்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது.

ஹம்னாதான் முதலில் பேசினாள். “ஒவ்வொரு தொழுகையிலயும் எம்புள்ள திருடுனத மன்னிச்சிரு ரப்பேன்னு இந்த உம்மா அழுதுச்சே. இத்தன வருசமும் நீ புதுக்கோட்டையில பேன் மாட்டிக்கிட்டு இருந்தியா தம்பி?”

“ஹம்னா, சும்மா இரு” என்றார் ரஹ்மத் நிஷா.

அவர் கை ஓங்குவார் என்று வசந்த் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவர் அடிக்கவில்லை. அழவும் இல்லை.

“அப்ப எம்புள்ள எடுக்கலையா?”

“எடுக்கல உம்மா. நாந்தேன்.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னான்.

“மொதல்லேர்ந்து சொல்லு.”

சொன்னான். பள்ளிவாசலில் சாயந்தரத் தொழுகைக்கு அசர் பாங்கு கேட்டதும் அவர் எழுந்தார். “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வா.”

சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று நினைத்திருந்தான், பாவம். இப்போது ஞாயிறுதோறும் பஸ் ஏறுகிறான். மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை. இவனும் கேட்டதில்லை. பீரோ, சாவி, சீல், கரை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் வாரம் தவறாமல் ஒரே கேள்வி.

“ஏறும்போது சிரிச்சானா?”

அதற்குத் தலையாட்டினால் அவருக்குப் போதாது. ‘சிரிச்சான் உம்மா’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.